ஆறு பேரின் பெயர் நமக்குத் தெரியுமா?

தீயணைப்பு வீரர் முகமட் அடிப்பின் பெயரை அறியாத மலேசியர் குறைவு. 2018 நவம்பர் 27-ஆம் தேதி, சீபில்ட் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் அருகே நடந்த கலவரத்தின்போது, பணிக்குச் சென்ற இடத்தில் அவர் படுகாயமடைந்தார். டிசம்பர் 17-ஆம் தேதி, 24 வயதில் உயிரிழந்தார். அடையாளம் தெரியாத சிலரின் குற்றச் செயலே அவரது மரணத்திற்குக் காரணம் என்று மரண விசாரணை நீதிமன்றம் 2019-இல் முடிவு செய்தது.

அந்தக் கலவரத்திற்கு எட்டு வாரங்கள் முன்பு, அதே சிலாங்கூரில் ஒரே இரவில் ஆறு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா?

2018 அக்டோபர் 3. பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானாவில் உள்ள கைவிடப்பட்ட சுரங்கக் குட்டையில் 17 வயது இளைஞர் ஒருவர் விழுந்துவிட்டார். அவரைத் தேட நீர் மீட்புக் குழுவினர் கயிற்றால் இணைந்தபடி தண்ணீரில் இறங்கினர். திடீரெனப் பெருகிய நீரோட்டம் சுழலாகி அவர்களை உள்ளே இழுத்தது. கரையிலிருந்த சக வீரர்கள் போராடி வெளியே கொண்டுவந்தும் பலனில்லை. அந்த இளைஞரையும் காப்பாற்ற முடியவில்லை.

முகமட் ஃபத்தா ஹாஷிம், இசத்துல் அக்மா வான் இப்ராஹிம், மஸ்லான் ஒமார்பாக்கி, யாஹ்யா அலி, அட்னான் ஒத்மான், முகமட் ஹிஃப்சுல் மாலிக் ஷாரி. இவர்கள்தாம் அந்த அறுவர்.

அடிப்பின் மரணம் இன, சமயச் சர்ச்சையாக மாறியது. அதனால் அவர் பெயர் நிலைத்தது. அறுவரின் மரணத்தில் சண்டை போட யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு வாரச் செய்தியோடு முடிந்தது. உயிரைக் கொடுத்தவர்களை இப்படி நினைவில் வைப்பது இரு தரப்புக்கும் அநீதி. ஆலயத்தின் பெயரோடு சேர்ந்து பேசப்படுவதால், அடிப்பைப் பற்றிப் பேச நம்மவர்களில் பலர் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் தேவையில்லை. உதவி கேட்டு வந்த அழைப்புக்குப் போன இளைஞர் அவர். அப்படியே அவரை நினைப்போம்.

நினைவுகூர்தல் மாலை போடுவதோடு முடிவதில்லை என்பதற்கு ஆஸ்திரேலியா ஓர் உதாரணம். 1998 டிசம்பர் 2-ஆம் தேதி, விக்டோரியா மாநிலத்தின் லிண்டன் காட்டுத்தீயில் ஐந்து தொண்டூழியத் தீயணைப்பாளர்கள் பலியானார்கள். அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான் மே 4-ஆம் தேதி அனுசரிக்கப்படும் அனைத்துலகத் தீயணைப்பாளர் தினம். அதோடு நிற்கவில்லை. தொண்டூழியர்களுக்கு அடிப்படைப் பயிற்சி வலுப்படுத்தப்பட்டது. குழுவின் சொந்தப் பாதுகாப்புக்காக வண்டியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் வைக்கும் நடைமுறையும் அழுத்தமாக வலியுறுத்தப்பட்டது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. சிலாங்கூரிலும் பேராக்கிலும் தோட்டங்களையும் தாமான்களையும் ஒட்டிப் பழைய சுரங்கக் குட்டைகள் இன்னும் கிடக்கின்றன. தூண்டில் போடவும் குளிக்கவும் நம் பிள்ளைகள் போகும் இடங்கள் அவை. கரையில் நின்று பார்த்தால் ஆழம் தெரியாது. மழை பெய்தால் நீரின் போக்கே மாறிவிடும். அங்கு ஒரு பிள்ளை விழுந்தால், அவனைத் தேடி இறங்குபவரின் உயிரும் ஆபத்தில்தான்.

உங்கள் வட்டாரக் குட்டைக்கு வேலியும் எச்சரிக்கைப் பலகையும் இல்லையென்றால், குடியிருப்பாளர் சங்கத்தின் வழியாக நகராண்மைக் கழகத்துக்கு எழுதுங்கள். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். 999-க்கு அழையுங்கள், கயிறோ மூடிய காலி எண்ணெய்த் தோம்போ எறியுங்கள். தவிர்க்கப்படும் ஒவ்வொரு விபத்தும், ஒரு மீட்பாளர் தண்ணீரில் இறங்க வேண்டிய ஓர் இரவைக் குறைக்கிறது.

வரும் அக்டோபர் 3-ஆம் தேதி, அந்த ஆறு பெயர்களையும் நம் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிக் கொடுப்போம்.