ஆதாரம் எங்கே என்பவர்களுக்கு!

“ஆதாரம் எங்கே?” ஆதிக்கக்காரன் நாவில் எப்போதும் ஆயத்தமாக நிற்கும் கேள்வி இது. காட்டைத் திருத்திக் கழனியாக்கியவனின் மகனைப் பார்த்துக் கேட்பான். போர்க்களத்தில் குருதி கொட்டியவனின் பேரனைப் பார்த்துக் கேட்பான். “உன் முன்னோன் வாழ்ந்தான், வென்றான் என்கிறாயே, ஏடு உண்டா? எழுத்து உண்டா?” ஏட்டைத் தொடாதே என்று தடுத்தவன் அவன், எழுத்தறிவைக் குற்றமென்று சட்டமாக்கியவன் அவன், பிறகு, ஏடில்லையே என்று எள்ளி நகைப்பவனும் அவனே! அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைக்கு எழுதக் கற்பிப்பது 1740ஆம் ஆண்டிலேயே தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. கையைக் கட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்கும் கயமைக்கு வேறு சான்றும் வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். வில்லியம் கூப்பர் நெல் என்பது அவர் பெயர். 1816இல் பாஸ்டன் நகரில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர், அச்சகத்தில் தொழில் பயின்றவர், ஏடு நடத்தியவர், எழுதப்படாதிருந்த தம் மக்களின் வரலாற்றை ஊர் ஊராகத் தேடித் திரட்டியவர். 1874இல் மறைந்தார். அவருடைய கட்டுரைகளும் கடிதங்களும் திரட்டப்பட்டுப் பெருந்தொகுப்பாக வெளிவந்தது எந்த ஆண்டில் தெரியுமா? 2002இல்! நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் காத்துக் கிடந்தன அந்தத் தாள்கள். “ஆதாரம் எங்கே?” என்று கேட்பவர்களிடம் நாமும் ஒன்று கேட்கலாம்: இத்தனை ஆண்டுகள் நீங்கள் தேடினீர்களா?

நெல் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, 1829ஆம் ஆண்டில், தேர்வில் முதன்மை பெற்றார். பாஸ்டன் பள்ளிகளில் சிறந்த மாணவர்க்கு வெள்ளிப் பதக்கம் வழங்க பெஞ்சமின் பிராங்ளின் தம் உயிலில் பொருள் எழுதி வைத்திருந்தார். வெள்ளைச் சிறுவர்க்குப் பதக்கம் கிடைத்தது. கறுப்புச் சிறுவர்க்கோ பதக்கம் இல்லை. பிராங்ளினின் வாழ்க்கை வரலாற்று நூல்தான் பரிசு! அறிவுக்குப் பரிசளிக்கச் சொன்னார் பிராங்ளின். தோலைப் பார்த்துப் பரிசளித்தது நகரம். பதக்கம் பெற்றோர்க்கு ஃபானில் மண்டபத்தில் விருந்து. ‘விடுதலையின் தொட்டில்’ என்று பாஸ்டன் மக்கள் பெருமை பேசும் மண்டபம் அது! அழைப்பில்லாத நெல், உணவு பரிமாறும் பணியாளனாகத்தான் அதனுள்ளே நுழைய முடிந்தது. இந்த நிறவேற்றுமையை ஒழிப்பேன் என்று அன்று உறுதி பூண்டதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

உறுதி பூண்டவர் உறங்கவில்லை. வில்லியம் லாயிட் காரிசன் 1831இல் தொடங்கிய ‘லிபரேட்டர்’ ஏட்டில் பணிபுரிந்தார். விடுதலை தருவோன் என்பது அப்பெயரின் பொருள்; நம் ‘விடுதலை’ ஏடு நினைவுக்கு வருகிறதல்லவா? பிரெடரிக் டக்ளஸ் 1847இல் ராச்செஸ்டர் நகரில் ‘நார்த் ஸ்டார்’ என்ற கிழமை ஏட்டைத் தொடங்கியபோது, அதன் வெளியீட்டாளராகத் தோள் கொடுத்தார். தப்பியோடும் அடிமைகளுக்கு வடதிசை காட்டிய துருவ விண்மீனின் பெயர் அந்த ஏட்டுக்கு!

பாஸ்டனில் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி என்ற கொடுமையை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் மனு எழுதினார், கூட்டம் கூட்டினார், பெற்றோரைத் திரட்டினார். சாரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமி வெள்ளையர் பள்ளிகள் ஐந்தைக் கடந்து நடந்துதான் தனிப்பள்ளியை அடைய வேண்டியிருந்தது. அவளுடைய தந்தை வழக்குத் தொடுத்தார். 1850இல் தலைமை நீதிபதி லெமுவல் ஷா அவ்வழக்கைத் தள்ளினார். அவர் சொன்ன காரணம் என்ன? இந்த வெறுப்பைச் சட்டம் உண்டாக்கவில்லை. சட்டத்தால் அதை மாற்றவும் முடியாது போலும் என்பதே! “சட்டம் போட்டால் சாதி போய்விடுமா?” என்று நம் ஊரில் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்பவர்களின் குரல் இதிலே கேட்கவில்லையா? ஐந்தே ஆண்டுகளில், 1855இல், மாசசூசெட்ஸ் சட்டமன்றம் தனிப்பள்ளி முறையைச் சட்டத்தால் ஒழித்தது. வெறுப்பு ஒரே நாளில் ஓடி ஒளியவில்லைதான். ஆனால் பள்ளிக் கதவு திறந்தது. குழந்தை உள்ளே சென்றது. அது போதாதா தொடக்கத்திற்கு?

எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை. தாமஸ் பால் ஸ்மித் என்ற கறுப்பினத்தவரே, “நம் பிள்ளைகளுக்கு நம் பள்ளி இருக்கட்டும்” என்று வாதிட்டார். அந்த வாதத்தில் தன்மானம் துளியும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நெல் அதை ஏற்கவில்லை. நாமே விரும்பி அமைக்கும் வேலியும், பிறர் நம்மை அடைக்கப் போடும் வேலியும் ஒன்றல்ல. அடைக்கப்பட்டவன் அந்த வேலியையே அழகென்று பாடக்கூடாது என்பது அவருடைய நிலை. தனிப்பள்ளி மட்டுமல்ல, தனி அமைப்புகள்கூட வேண்டாம் என்றவர் அவர்.

அப்படிப்பட்டவர் கறுப்பின மக்களுக்கென்று தனி வரலாறு எழுதியது ஏன்? முரண்பாடு என்பார் சிலர். பொது வரலாறு என்று பெயர் சூட்டிக்கொண்ட ஏட்டிலே இடம் தந்திருந்தால், தனி ஏடு எதற்கு? முரண்பாடு எழுதியவனிடம் இல்லை. எழுத வைத்தவனிடம் இருக்கிறது!

கிறிஸ்பஸ் அட்டக்ஸ் கதையைக் கேளுங்கள். 1770 மார்ச் 5ஆம் நாள் பாஸ்டன் தெருவில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் ஐவர் மாண்டனர். அவர்களில் முதலில் வீழ்ந்தவராகப் போற்றப்படுபவர் அட்டக்ஸ். ஆப்பிரிக்கக் குருதியும் அமெரிக்கப் பழங்குடிக் குருதியும் கலந்தவர். அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப 1500 டாலர் தாருங்கள் என்று நெல்லும் தோழர்களும் 1851இல் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தனர். மறுத்துவிட்டார்கள்! கிறிஸ்டோபர் ஸ்னைடர் என்ற சிறுவன் அதற்கு முன்பே கொல்லப்பட்டான், ஆகவே அட்டக்ஸ் முதல்வரல்லர் என்று கணக்குச் சொன்னார்கள். அப்படியானால் அச்சிறுவனுக்கு அல்லவா உடனே சின்னம் எழுப்பியிருக்க வேண்டும்? கறுப்பனுக்குக் கொடுக்காமலிருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. செத்த குழந்தையின் பெயர் அதற்குப் பயன்பட்டது.

நெல் சோர்ந்தாரா? பேனாவைத் தீட்டினார். 1855இல் ‘அமெரிக்கப் புரட்சியின் கறுப்பின நாட்டுப்பற்றாளர்’ என்னும் பொருளில் நூல் ஒன்றை வெளியிட்டார். ‘டாம் மாமாவின் குடிசை’ எழுதிய ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் முன்னுரை தந்தார். மாநிலம் மாநிலமாகப் பிரித்து, நாட்டுக்காகப் போரிட்ட கறுப்பினத்தவரின் செய்திகளைத் தொகுத்தார். உயிரோடிருந்த முதியவர்களைக் காண நெடும்பயணம் சென்றார். அழிந்துகொண்டிருந்த எழுத்துகளைக் காப்பாற்ற இடுகாடுகளைத் தேடிச் சென்றார். கோவை இல்லை, ஒட்டுப்போட்ட தொகுப்பு என்று அந்நூலைக் குறை கூறுவோர் உண்டு. கூறட்டும்! வெள்ளம் அடித்துக்கொண்டு போகும் வீட்டிலிருந்து பொருளைக் காப்பவன், அடுக்கி வைத்து அழகு பார்த்துக்கொண்டிருப்பானா?

1857இல் கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் டிரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மார்ச் 5ஆம் நாளை அட்டக்ஸ் நாளாகக் கொண்டாடினார் நெல். விழா நடந்த இடம் எது? ஃபானில் மண்டபம்! நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு வரலாற்றால் மறுப்பு எழுதினார். 1888இல் பாஸ்டன் பொதுத்திடலில் நினைவுச்சின்னம் எழுந்தது. அதையும் முந்திய ஆண்டில் எதிர்த்து நின்றது எது? மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம்! வரலாறு என்ற பெயரைப் பலகையில் எழுதிவைத்தவர்களே வரலாற்றுக்குக் கதவடைத்தார்கள்.

இனி, நெல்லின் தாள்களைத் தொகுத்தவரைப் பற்றியும் அறிய வேண்டும். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1973 வரை நூலகராகப் பணியாற்றிய டாரதி போர்ட்டர் வெஸ்லி என்ற கறுப்பினப் பெண்மணி அவர். அவர் பணியேற்ற காலத்தில் டூயி தசமப் பகுப்பைக் கையாண்ட நூலகங்கள், கறுப்பர் எழுதியது கவிதையே ஆனாலும் 325 என்ற குடியேற்றப் பிரிவிலோ 326 என்ற அடிமைமுறைப் பிரிவிலோ தள்ளிவந்தன. கவிஞனைக் கவிஞர் வரிசையில் வைக்க மனமில்லை! சேரி ஊரில் மட்டுமா இருக்கிறது? நூலக அடுக்கிலும் இருந்தது! அந்தப் பகுப்பை மறுத்து, பொருளுக்கும் ஆசிரியருக்கும் ஏற்ப நூல்களை அடுக்கினார் அவர். பழைய ஏடுகளின் பத்திகளிலும், எமி போஸ்ட் போன்ற தோழியர்க்கு நெல் எழுதிய கடிதங்களிலும் சிதறிக் கிடந்த எழுத்தைத் திரட்டினார். 1995இல் அவர் மறைய, மகள் கான்ஸ்டன்ஸ் போர்ட்டர் உசெலாக் பணியை முடித்து வெளியிட்டார். ஒரு மனிதனின் எழுத்தை மீட்க இரண்டு தலைமுறை உழைப்பு!

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பீர்களா? நெல் மறைவதற்கு முந்திய ஆண்டில், 1873இல், மராட்டியத்தின் ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’ என்ற தம் நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அடிமைத்தனம் எங்கிருந்தாலும் உறவு என்று கண்டார் அவர். நாம் மட்டும் காணமாட்டோமா?

தோழர்களே! நம் முன்னோர் மேடையில் முழங்கினர், மாலை போட்டோம். துண்டறிக்கை அச்சிட்டனர்; என்ன செய்தோம்? ஊர்தோறும் பரணில், பழம்பெட்டியில், சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்களும், மாநாட்டு அறிக்கைகளும், நின்றுபோன ஏடுகளின் தனி இதழ்களும், சிறை சென்றோர் எழுதிய கடிதங்களும் கரையானுக்கு இரையாகின்றன. சிலைக்குச் செலவிடும் ஆர்வத்தில் கால் பங்கையேனும் தாளுக்குச் செலவிடுங்கள். முதியவர்களிடம் சென்று கேளுங்கள். நாளும் ஊரும் குறித்து எழுதுங்கள். படியெடுத்து நூலகத்தில் சேருங்கள். நம்மவர் சொன்னார் என்பதற்காகப் பிழையை மறைக்காதீர்கள். பொய் கலந்த வரலாறு பகைவன் கைக்கு நாம் கொடுக்கும் வாள்.

நாளை ஒருவன் வருவான், “ஆதாரம் எங்கே?” என்பான். கோபம் கொள்ள வேண்டாம். கட்டுக்கட்டாக எடுத்து அவன் முன் வைப்போம். படித்து முடிக்கும் வரை அவன் பேசாதிருக்கட்டும்!