குழியை மூடினார்களா, கண்ணை மூடினார்களா?

தோழர்களே! விடியுமுன் பெரட்டுக்கு மோட்டார் சைக்கிளில் விரையும் பால்மரத் தொழிலாளிக்குச் சாலைக் குழியே எமன். மழைநீர் நிறைந்துவிட்டால் அது சாணா, முழமா என்று யாரறிவார்?

மலேசியச் சாலைகளில் மாண்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆயினும் நடக்கும் பழுதுபார்ப்பு என்ன? தேங்கிய நீரை இறைக்காமல், ஓரத்தை வெட்டாமல், தாரும் கல்லும் கொட்டி மண்வெட்டியால் தட்டுகிறார்கள். அடுத்த மழையில் கல் பெயர்ந்து குழி அகலமாகிறது!

விழுந்தவரிடம், "நிதானமாகப் போயிருக்கலாமே" என்கிறார்கள். குழி தோண்டியது அவரா?

வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. கிராணிமாரே, உடனே பதியுங்கள்! ஆனால் இழப்பீடு, போன காலைத் திருப்பித் தராது. நீரை இறைத்து, ஓரம் வெட்டி, உருளையால் அழுத்தி, வடிகாலும் தோண்டுக! ஒன்றுபட்டுக் கேட்போம்!