வாய் திறக்கட்டும் பிள்ளைகள்

ஆங்கிலத்தில் ‘பின்’ என்றால் குண்டூசி. குப்பைத் தொட்டியும் ‘பின்’தான். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ‘பி’. முன்னதில் உதடு வெடித்துக் காற்று மட்டும் வரும். பின்னதில் தொண்டையும் சேர்ந்து அதிரும். இந்த வேறுபாட்டை எந்தப் பாடநூலும் அச்சில் காட்டிவிட முடியாது. காதால் கேட்டு, சொல்லிப் பார்த்து, தப்பினால் மறுபடி சொல்லித்தான் பிடிபடும். ஆங்கில வகுப்புக்கு இணையவழிக் கருவி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கருவிகளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்னும் கணினி ஆய்வகம் இருக்கிறது. இவற்றில் பிள்ளை பாடத்தைக் கேட்கிறது, அல்லது நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுகிறது. பேசுவது எப்போது? தேர்வு நடத்த மட்டும் கணினியைத் திறந்தால் மதிப்பெண் பதிவாகும், மொழி வராது.

வீட்டில் பழகிக்கொள்ளலாமே என்பார்கள். நெல்லிக்குப்பம் 1842இலேயே பாரி சர்க்கரை ஆலை வந்த ஊர். அரவைப் பருவத்தில் கரும்பு வெட்டப் போகிறவரின் வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் இருப்பது ஒரே செல்போன்; அது அப்பாவின் சட்டைப்பையில் வயலுக்குப் போய்விடும். பொழுது சாய்ந்து அவர் திரும்பிய பிறகுதான் மகள் புத்தகத்தை விரித்து அதிலுள்ள கியூஆர் கோடுக்கு நேரே போனைப் பிடிப்பாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். ‘வீட்டில் பார்த்துக்கொள்’ என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது நியாயமல்ல. கொரோனா காலம் நமக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

ஆகவே பேசிப் பழகும் வேலை பள்ளியிலேயே, பள்ளி நேரத்திலேயே நடக்க வேண்டும். வாரத்தில் இரண்டு ஆங்கிலப் பாடவேளையை ஹைடெக் லேபுக்கு ஒதுக்குங்கள். பாடத்தின் ஒலிப்பதிவுகளை முன்பே இறக்கி வைத்தால் இணையம் அறுந்தாலும் வகுப்பு நிற்காது. பிள்ளைகள் கேட்கட்டும், பேசிப் பதிவு செய்யட்டும், தம் குரலைத் தாமே கேட்டுத் திருத்திக்கொள்ளட்டும். நாற்பது பேர் முன்னால் எழுந்து பேசக் கூசும் பிள்ளைகூட ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பேசும்.

ஆசிரியர்களுக்கே உச்சரிப்பு சரியில்லை, திரையே கற்பிக்கட்டும் என்று சிலர் சொல்வதை நாம் ஏற்கவில்லை. பிள்ளை எந்தச் சொல்லில் தடுமாறுகிறது, ஏன் தலைகுனிகிறது என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும். புரியாத இடத்தில் தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பவும் அவரால்தான் முடியும். அவருக்கு வேண்டியது பேச்சுப் பயிற்சி; கணினியில் தகவல் பதிவேற்றும் வேலையிலிருந்து விடுதலை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், ஹைடெக் லேபில் எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இந்த வாரம் என் பிள்ளை அங்கே எத்தனை நிமிடம் ஆங்கிலம் பேசினாள் என்று கேளுங்கள்.