அத்தான் என்று கூப்பிட்டவன் பெயர் என்ன?

நான் பட விமர்சனம் எழுதுகிற ஆள் இல்லை. கேமரா கோணம், திரைக்கதை முடிச்சு என்று யாராவது பேச ஆரம்பித்தால், பாப்கார்னைப் பார்த்துக்கொண்டு தலையாட்டி வைப்பேன். படம் முடியும்வரை கைப்பேசியை எடுக்காமல் இருந்தேனா, திரும்பி வரும்போது காரில் அதைப் பற்றிப் பேசினோமா, அவ்வளவுதான் என் அளவுகோல். இந்த 2024-இல் செப்டம்பர் கடைசியிலிருந்து தீபாவளிக்குள் மூன்று தமிழ்ப் படங்கள் பார்த்துவிட்டேன். வருடத்துக்கு இரண்டு படம் பார்த்தாலே அதிகம் என்கிற எங்கள் வீட்டில் இது சாதனை.

முதலில் ‘லப்பர் பந்து’. அலுவலக நண்பர்களோடு போனேன். காற்பந்தும் பூப்பந்தும் பார்த்து வளர்ந்த எனக்குக் கிரிக்கெட் அவ்வளவாகப் புரியாது. ஆனால் வருங்கால மாமனாரும் மருமகனும் முறைத்துக்கொள்வது புரியாதா என்ன! தினேஷ், ஹரிஷ் கல்யாண் இரண்டு பேருமே நல்லவர்கள், வீம்புதான் வில்லன். திறமை இருந்தும் சாதியைக் காட்டி அணியில் சேர்க்காத கொடுமையை, இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து பிரசங்கம் செய்யாமல் விளையாட்டுக்குள்ளேயே வைத்துச் சொல்லிவிட்டார். விஜயகாந்தின் பழைய பாட்டு வந்தபோது பின் வரிசை மாமா ஒருவர் எழுந்து ஆடினார். அதற்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று.

அடுத்தது ‘மெய்யழகன்’. இதற்கு அப்பாவையும் அழைத்துப் போனேன். அம்மாவுக்கு முட்டிவலி, வரவில்லை. அப்பா திரையரங்குக்கு வந்து பல வருடமாகிறது. “இப்ப வர்ற படத்துல எல்லாம் ஒரே வெட்டுக் குத்து” என்று ஒதுங்கிவிட்டவர். ‘96’ எடுத்த பிரேம்குமார் படம், இதில் கத்தியே கிடையாது என்று சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

சொத்துத் தகராறில் வீட்டை இழந்து, 1996-இல் தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குப் போன குடும்பம். அந்த வீட்டுப் பையன் அருள் (அரவிந்த்சாமி) 22 வருடம் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்கு ஊர் வருகிறான். மண்டபத்தில் ‘அத்தான், அத்தான்’ என்று ஒருவன் (கார்த்தி) ஒட்டிக்கொள்கிறான். சாப்பிட வைக்கிறான், பழைய கதையெல்லாம் சொல்கிறான், கடைசி பஸ்ஸை விட்டவனைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போகிறான். அருளுக்கோ அவன் பெயர் நினைவில்லை. கேட்கவும் கூச்சம். அவ்வளவுதான் கதை.

நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டினார்களாம். ஜல்லிக்கட்டுப் பேச்சு வந்த இடத்தில் என் மனைவி கொட்டாவி விட்டாள். நம் ஊரில் ‘இடைவேளை’ என்று எழுத்துதான் வரும், படம் நிற்காது. இந்தப் படத்துக்காவது பத்து நிமிடம் நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் அப்பா அசையவில்லை. வீட்டைக் காலி செய்யும் தொடக்கக் காட்சியிலேயே முன்னால் சாய்ந்து உட்கார்ந்தவர்தான். கல்யாண மேடையில் அருள் தங்கையின் காலில் கொலுசு மாட்டும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குளிரூட்டியால் பனி படிந்துவிட்டது என்றார். நாங்களும் நம்பியதுபோல இருந்துவிட்டோம்.

படம் முடிந்து மாமாக் கடையில் தே தாரிக் வந்த பிறகுதான் பேசினார்.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். 1998-இல் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது எல்லாரையும் போல நாங்களும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனோம். எனக்கு அப்போது பத்து வயது. நான்காவது மாடியில் நாய் வளர்க்க முடியாது. எங்கள் கறுப்பனை, பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து லயத்துப் பையன் ஒருவனிடம் விட்டுவிட்டு வந்தோம். அவர்கள் வீட்டுக்கு இன்னும் மாற்று இடம் கிடைத்திருக்கவில்லை. இதுவரை எனக்கும் தெரியும்.

தெரியாதது இதுதான். நாங்கள் வந்த ஏழெட்டு மாதத்தில் கறுப்பன் செத்துவிட்டது. அதைச் சொல்வதற்காக அந்தப் பையன் இரண்டு பஸ் மாறி, விலாசம் விசாரித்து, நான்கு மாடி ஏறி வந்திருக்கிறான். அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். “அண்ணனை எழுப்ப வேணாம்கா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

“போய்ப் பார்க்கணும், போய்ப் பார்க்கணும்னே இருந்தேன். ஓவர்டைம், உன் ஸ்கூலு, உன் தங்கச்சிக்கு ஆஸ்துமா. அப்புறம் அவங்களும் எங்கேயோ போயிட்டாங்க.” கண்ணாடிக் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “அவன் பேருகூட வரமாட்டேங்குதுப்பா.”

என் மனைவி கொட்டாவி விட்டதற்காக அன்று இரவு முழுக்க வருத்தப்பட்டாள்.

தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படத்துக்குக் குடும்பத்தோடு போனோம், அம்மாவும் முட்டிப்பட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேஜர் முகுந்த் வரதராஜனின் முடிவு முன்பே தெரிந்ததுதான். இருந்தும் சாய் பல்லவி அழாமல் நிற்கும் இடங்களில் அரங்கமே அழுதது. சிவகார்த்திகேயனை இனி ‘நம்ம வீட்டுப் பையன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சண்டைக் காட்சிகள் எனக்குக் கொஞ்சம் அதிகம். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் அப்பா என் தோளைத் தட்டினார். “நம்ம தோட்டத்து ஆளுங்க புலனத்துல குழு வச்சிருக்காங்கன்னு சொன்னியே, அதுல கேட்டுப் பாரேன்.”

கேட்டேன். பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாப் படம் ஒன்றில் ஓரமாக நிற்கும் அந்தப் பையனை வட்டம் போட்டு அனுப்பினேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள். மூன்று வெவ்வேறு பெயர்கள்! ஒருவர் ‘அவன் என்னிடம் வெள்ளி கடன் வாங்கியவன்’ என்று வேறு எழுதியிருந்தார், அது வேறு ஆள் என்று பிறகு தெரிந்தது. நான்காம் நாள் ஓர் அக்கா மட்டும் பெயர் போடாமல் ஒரு தொலைபேசி எண்ணை அனுப்பினார். பாசிர் கூடாங்கில் இருக்கிறாராம். பேத்தி பிறந்திருக்கிறதாம்.

எண் வந்து ஒன்பது நாளாகிறது. ஒரு தாளில் பெரிதாக எழுதி அப்பாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். “பேரு தெரியாம எப்படிப்பா கூப்புடறது?” என்கிறார். அந்த அக்காவிடமே கேட்டுவிடுகிறேன் என்றேன். “வேணாம், அது தப்பு” என்றுவிட்டார். ஏன் தப்பு என்று சொல்லவில்லை.

நேற்று அவராகவே ஒரு வேலை கொடுத்தார். ‘மெய்யழகன்’ நெட்பிளிக்ஸில் வந்துவிட்டது அல்லவா, ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட வேண்டுமாம். முழுப் படமும் வேண்டாம், கடைசிப் பகுதி போதும். பெயர் மறந்துபோனதை அருள் எப்படி ஆரம்பித்து ஒப்புக்கொள்கிறான் என்று சரியாகக் கவனிக்க வேண்டுமாம்.