30 நாள் என்றால் 30 நாள்
கலஹா, தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பக்கம் போனால், கொழுந்துக்கறை போகாத விரல்களால் பொலித்தீன் பையிலிருந்து பழைய சம்பளத் துண்டுகளை எடுத்துக் காட்டும் அம்மாமார் இருக்கிறார்கள். வேலையிலிருந்து நின்றாயிற்று, சேவைக்காலப் பணமான பணிக்கொடை வரவில்லை. கேட்டால் தோட்ட நிர்வாகம் சொல்வது 'அடுத்த மாசம்'. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தில் 'அடுத்த மாசம்' என்ற சொல்லே இல்லை. ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலை முடிந்த 30 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும். மலைக்குப் பிந்திப் போன நாளில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்ட நிர்வாகத்தினர், தாங்கள் பிந்தும் நாளையும் அதே கண்டிப்போடு எண்ண வேண்டும். உங்கள் வீட்டில் யாரும் ஓய்வு பெற்றிருந்தால் கடைசி வேலைநாளைக் குறித்து வையுங்கள். 31ஆம் நாள் தொழில் திணைக்களத்தில் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள்.