பீருக்குள் மாசி: ருசியை எழுதும் வரிச் சட்டம்

2018 ஏப்ரல் முதல் ஜப்பானில் பீருக்குள் சிப்பி போடலாம், கடற்பாசி போடலாம், கட்சுவோபுஷியும் போடலாம். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டைபோல இறுகும்வரை உலர்த்திச் சீவி எடுப்பதுதான் கட்சுவோபுஷி. நம் மாசிக் கருவாட்டுக்கு உறவுமுறை. இந்தப் பட்டியல் வந்தது எந்த மதுக்கடை விளம்பரத்திலும் இல்லை, மதுவரி விதிகளில். மூலப்பொருளில் மால்ட் (முளைகட்டிய தானியம்) பாதிக்குக் குறையக் கூடாது. பழம், மசாலா, மீன் என்று சேர்ப்பவை மால்ட்டின் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியிருந்தால் அது பீர்.

விசித்திரமான பீர் என்றாலே வடிப்பவரின் கற்பனையைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. வரி அதிகாரிக்கும் அந்தப் புகழில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

ஜப்பானில் முன்பு மூன்றில் இரண்டு பங்கு மால்ட் இருந்தால்தான் பீர். அதற்குத்தான் கடும் வரி. 1994இல் சன்டோரி நிறுவனம் மால்ட்டை 65 சதவீதமாக்கி ஒரு பானத்தை இறக்கியது. சட்டப்படி அது பீர் இல்லை, ‘ஹப்போஷு’ என்னும் நுரைமது. விலை குறைந்தது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அரசு சும்மா இருக்குமா? பாதிக்கு மேல் மால்ட் உள்ள ஹப்போஷுவுக்கும் 1996இல் பீர் வரியையே போட்டது. கம்பெனிகள் மால்ட்டை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கின. 2003இல் அதற்கும் வரி ஏறியது. உடனே சப்போரோ மால்ட்டையே தலைமுழுகிவிட்டு, பட்டாணிப் புரதத்தில் ‘டிராஃப்ட் ஒன்’ செய்தது. நுரை நிற்கப் புரதம் வேண்டும், ஈஸ்ட் வளர நைட்ரஜன் வேண்டும். பார்லி செய்துவந்த அந்த வேலை பட்டாணியின் தலையில் விழுந்தது. 2020 அக்டோபருக்கு முன்பு 350 மில்லி டப்பாவில் பீருக்கு வரி 77 யென், மால்ட் குறைந்த ஹப்போஷுவுக்கு ஏறக்குறைய 47, பட்டாணி வகைக்கு 28. பட்டாணி ஏன் பீருக்குள் வந்தது என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

சின்ன ஆலைகளின் கதை இன்னும் வேடிக்கை. பீர் உரிமம் வேண்டுமானால் ஆண்டுக்கு 60 கிலோலிட்டர் வடிக்க வேண்டும், ஹப்போஷு உரிமத்துக்கு 6 போதும். சிறு முதலீட்டுக்காரர் இரண்டாவதைத்தான் வாங்குவார். வாங்கியபின் சுத்தமான மால்ட் பீர் வடித்தால் சட்டமீறல். ஆகவே 2018க்கு முன்பு ஆரஞ்சுத் தோலோ கொத்தமல்லி விதையோ கொஞ்சம் விழுந்தது. அதைக் குடித்தவர் புதுமை என்று ரசித்தார். பெல்ஜியத்தின் ஹூகார்டன் கோதுமை பீரில் கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும் மரபாகவே உண்டு. அதுகூட ஜப்பானில் ஹப்போஷு முத்திரையோடுதான் விற்றது. மால்ட் அதிகம் என்பதால் வரி மட்டும் பீருக்குரிய முழு வரி!

ஜெர்மனியின் ‘தூய்மைச் சட்டம்’ எதிர்த்திசையில் இதே பாடத்தைச் சொல்கிறது. 1516இல் பவேரியாவில் பிறந்த அந்த ஆணை பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது. ஆனால் அது முதலில் பேசுவது விலையை: குளிர்காலத்தில் ஒரு மாஸ் அளவுக்கு ஒரு பென்னிங், கோடையில் இரண்டு. விலக்கப்பட்ட கோதுமையில் பீர் வடிக்கும் உரிமை ஒரு பிரபுக் குடும்பத்திடம் இருந்தது. 1602இல் பவேரிய ஆட்சியாளர் மாக்ஸிமிலியான் அதைத் தன் கைக்குக் கொண்டுவந்து கஜானாவை நிரப்பினார். தூய்மை என்னவாயிற்று என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பின்னாளில் நொய்ட்செல்லே மடத்து ஆலை தன் கறுப்பு பீரில் சர்க்கரைப் பாகு சேர்த்தபோது மட்டும் அதை ‘பீர்’ என்று அழைக்க ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது, 2005இல்தான் வென்றது.

வெறும் கவன ஈர்ப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆட்டுச் சாணப் புகையில் வாட்டிய திமிங்கல விரை போட்ட ஐஸ்லாந்து பீரும், வடிப்பவரின் தாடியில் எடுத்த ஈஸ்ட்டால் நொதித்த அமெரிக்க பீரும் அந்த வகை. செய்தி வந்த வேகத்திலேயே மறந்துபோகும்.

2026 அக்டோபரில் பீர், ஹப்போஷு எல்லாவற்றுக்கும் 350 மில்லிக்கு 54.25 யென் என்று ஒரே வரி என்பது ஜப்பானின் திட்டம். சலுகை போனபின் பட்டாணி பீரைக் கேட்டு வாங்குவோர் அதிகம் இருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பெல்ஜியத்தின் கொத்தமல்லிக்கு அந்தக் கவலை இல்லை. வரிக்காக அது பீருக்குள் வரவில்லை.