ரிப்பேரே ஆகாத வால்

ஆபீஸ்ல ஆணி அதிகம். இருந்தாலும் நேத்து ராத்திரி பன்னெண்டு மணிக்கு உட்கார்ந்து 1950கள் அமெரிக்கக் கார் படங்களா பார்த்துக்கிட்டிருந்தேன். ஏன்னு கேக்காதீங்க :-)

பின்னாடி ரெண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி வால் தூக்கிக்கிட்டு நிக்குமே, அந்தக் கார்கள்தான். ஆரம்பிச்சு வச்சது 1948 காடிலாக். ஜெனரல் மோட்டார்ஸ் டிசைன் தலைவர் ஹார்லி ஏர்ல், லாக்ஹீட் பி-38 போர் விமானத்தோட வாலைப் பார்த்து மயங்கினதோட விளைவு. போர் முடிஞ்சு மக்கள் கையில காசு, கண்ணுல விண்வெளிக் கனவு. வால் வளர்ந்துக்கிட்டே போய் 1959 காடிலாக்கில் உச்சத்தைத் தொட்டது.

எல்லாம் வெறும் பந்தான்னு திட்டிட்டுப் போயிடலாம். நான் சொல்ல வர்றது வேற.

1957ல் காடிலாக் எல்டொராடோ புரோம்னு ஒரு வண்டி வந்தது. விலை 13,074 டாலர். துருப்பிடிக்காத எஃகுக் கூரை, காந்தத்துல ஒட்டி நிக்கிற டம்ளர், சென்ட் பாட்டில்னு ஏக தடபுடல். அதோட நிஜமான புதுமை ஒண்ணும் இருந்தது: ஏர் சஸ்பென்ஷன். சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்தடைச்ச ரப்பர். எவ்வளவு பாரம் ஏத்தினாலும் வண்டி மட்டமா நிக்கும். நிக்கணும்! ஆனா காத்து கசிஞ்சு வண்டி படுத்துக்கிச்சு. நிறைய பேர் அதைக் கழட்டிட்டு சாதா ஸ்பிரிங் மாட்டிக்கிட்டாங்க.

வாலை யாரும் கழட்டலை. அது ரிப்பேரே ஆகலையே! வேலையே செய்யாத சாமான் எப்படிங்க ரிப்பேர் ஆகும்?

இங்கதான் எனக்கு சுருக்குன்னு தச்சது. எங்க ப்ராஜெக்ட்ல ஒரு ரிப்போர்ட் திறக்க நாப்பது செகண்ட் ஆகும். ரெண்டு மாசம் மண்டையை உடைச்சு க்வெரியை மாத்தி எழுதினேன். ரிலீஸ் அன்னைக்கு ஒரு கணக்கு தப்பா வந்தது. ராத்திரியோட ராத்திரியா பழசையே திரும்பப் போட்டு, ஊர்ப்பட்ட திட்டு வாங்கினேன். அடுத்த ரிலீஸ்ல பட்டன் மூலையெல்லாம் வளைச்சு, ஸ்க்ரீனைக் கண்ணாடி மாதிரி மினுக்கி விட்டேன். ஒரே கைத்தட்டல். "ஃப்யூச்சரிஸ்டிக்"னு கிளையன்ட் மெயில் வேற. அப்ரெய்சல்ல நானும் கூச்சப்படாம அதைத்தான் எழுதினேன். ரிப்போர்ட் இன்னும் நாப்பது செகண்ட்தான்.

அழகு வேண்டாம்னு சொல்லலை. அந்த வால் எனக்கும் பிடிக்கும். ஆனா உருப்படியா ஒண்ணு செய்யப் போய் சொதப்பினவனுக்குத் திட்டு, வால் ஒட்டினவனுக்கு மாலைன்னா, அப்புறம் எல்லாரும் வால்தான் ஒட்டுவோம். தப்பு ஏர்ல் மேல மட்டும் இல்லை, கைத்தட்டுற நம்ம மேலயும்தான்.

1965 காடிலாக்கில் வால் காணாமப் போயிடுச்சு. கசிஞ்சு மானத்தை வாங்கின ஏர் சஸ்பென்ஷன், இன்னைக்கு சொகுசுக் கார்கள்ல ஜம்முனு ஓடுது.

திங்கக்கிழமை அந்த க்வெரியை மறுபடி திறக்கப் போறேன். மேனேஜர்கிட்ட இன்னும் சொல்லலை!